வேணும் என்ற சொல்

1544ஆம் ஆண்டில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து தம் துணைவர் மன்சிலாஸுக்கு எழுதிய கடிதங்கள் பெரும்பாலும் சிறியவை. இன்ன ஊருக்குப் போ, இன்னாருக்குப் பணம் கொடு, மக்களிடம் பொறுமையாக இரு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிடாதே என்ற ரீதியில் போகிறவை. அவற்றில் ஒன்றில் ஒரு பாஷைத் திருத்தம் வருகிறது. விசுவாசப் பிரமாணத்தை மக்கள் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வருகிறார்கள். அதற்கு 'விரும்புகிறேன்' என்றுதான் பொருள். ஆகவே அதை நீக்கிவிட்டு விசுவாசம் என்பதைச் சொல்லவைக்க வேண்டும் என்கிறார் சவேரியார். கூடவே இன்னொரு திருத்தம். கிறிஸ்து பாடுபட்டதைக் கூறுமிடத்தில், பலவந்தத்தால் என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்துவிட்டிருக்கிறது. கிறிஸ்து தாமாக விரும்பிப் பாடுபட்டவர், எனவே அந்தச் சொல்லும் கூடாது.

சவேரியாருக்குத் தமிழ் சரியாக வந்ததில்லை. ஜெபங்களை மனப்பாடமாகச் சொல்வார். பேச்சுக்கு மொழிபெயர்ப்பவர் இல்லாத நாட்களில் திண்டாடியிருக்கிறார். அப்படியானால் வேணும் என்பதற்கும் விசுவாசம் என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவருக்கு யாரோ எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். முதலில் 'வேணும்' என்று மொழிபெயர்த்ததும் யாரோ ஒருவர்தான். இந்த இரண்டு பேருடைய பெயரும் கடிதத்தில் இல்லை. கிறிஸ்தவம் தமிழில் பரவிய சரித்திரத்தை இந்தப் பெயரில்லாதவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க முடியுமா என்பதே என்னுடைய கேள்வி. மதம் பரப்புதல் என்றதும் பிரசங்கியும் கூட்டமும் நம் மனதில் வருகின்றன. கடற்கரையில் நடந்தது பெரும்பாலும் வேறு விதமாக நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலும் கரையிலும் வள்ளத்திலும், ஏற்கெனவே ஒருவரை ஒருவர் அறிந்தவர்களுக்கு இடையில், ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த பாஷையில் அது கைமாறியது. அதன் பலம் இதில்தான் இருந்தது. அதன் எல்லையும் இதிலேயே இருந்தது.

மதமாற்றத்தின் தொடக்கத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் போதும். 1530களில் முத்துக்குளிப்பின் மேலாதிக்கம் பற்றிப் பரதவருக்கும் கடற்கரை முஸ்லிம் வணிகருக்கும் இடையே மூண்ட பகை இரத்தக்களரியாக முற்றியது. காதோடு கடுக்கன் பிடுங்கப்பட்ட கதை இன்றும் இதற்குத் தோற்றுவாயாகச் சொல்லப்படுகிறது. மலையாளக் கரையிலிருந்து வந்த குதிரை வியாபாரி ஜான் தெ குரூஸ் என்பவர், தாமே மதம் மாறியவர், பரதவத் தலைவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார்: போர்ச்சுக்கீசியரிடம் போங்கள். தலைவர்கள் கொச்சிக்குப் போனார்கள். அங்கே அவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். தொடர்ந்து 1536-37இல் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் தலையில் தண்ணீர் ஊற்றப்பட்டது. 1538இல் வேதாளைக் கடற்போரில் போர்ச்சுக்கீசியர் வென்றதும் பேரம் நிறைவேறியது.

இதைப் பேரம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. அன்று பரதவரும் அதை மறைக்கவில்லை. அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், தங்கள் கடல் தங்களுக்கு வேண்டும். 'எனக்கு வேணும்' என்று விசுவாசப் பிரமாணத்தில் சொன்னபோது, மொழிபெயர்ப்பில் பிழை இருந்திருக்கலாம், சொன்னவர்களுடைய நிலையில் பிழை இல்லை. ஆனால் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகள் இவர்களுக்குக் கிறிஸ்தவப் பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆளில்லை.

1542 அக்டோபரில் சவேரியார் வந்து சேர்ந்தபோது கண்டது இந்த நிலையைத்தான். நீங்கள் யார் என்று கேட்டால் கிறிஸ்தவர் என்கிறார்கள்; என்ன நம்புகிறீர்கள் என்றால் விழிக்கிறார்கள். அவர் என்ன செய்தார் என்பதை 1544 ஜனவரி 15இல் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் விவரிக்கிறார். இரண்டு பாஷையும் ஓரளவு தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்தார். பல நாட்கள் உட்கார்ந்து சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம் ஆகியவற்றைத் தமிழாக்கினார்கள். அவர் அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் நடந்தார். மணிக்குப் பின்னால் சிறுவர்கள் சேர்ந்தார்கள். நாளுக்கு இருமுறை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மணியின் படம் நமக்குப் பழக்கமானது. கோயில் சுவர்களில் பார்த்திருக்கிறோம். அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மணி ஓய்ந்த பிறகு வரும் ஏற்பாடு. சிறுவர்கள் கேட்டதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் வேலைக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் ஜெபங்களைப் படி எடுத்து வைத்துக்கொண்டு தினமும் சொல்ல வேண்டும். ஊர் ஊராகப் போகும்போது ஒவ்வோர் ஊரிலும் ஒரு படியை விட்டுவிட்டுப் போனார். நோயாளிகளைப் பார்க்க அழைப்பு வந்து தம்மால் போக முடியாதபோது, சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய் நோயாளியைச் சுற்றி நின்று, வீட்டாரோடும் தெருவாரோடும் சேர்ந்து பிரமாணத்தைச் சொன்னார்கள்.

பத்து வயதுப் பையன் ஒருவன், நேற்றுவரை நண்டு பிடித்துத் திரிந்தவன், தன் பெரியப்பாவின் பாயருகே நின்று ஜெபம் சொல்கிறான். பெரியம்மா அவன் பின்னால் சொல்கிறாள். இதில் பிரசங்கம் எங்கே இருக்கிறது? பையன் வாதம் எதுவும் செய்யவில்லை. மற்ற மதம் பொய் என்று நிரூபிக்கவில்லை. சாவு நெருங்கும் வீட்டில் அவனிடம் சில சொற்கள் இருக்கின்றன. அவற்றை அவன் தருகிறான். அந்த வீட்டில் அந்த நேரத்தில் அந்தச் சொற்களுக்கு ஒரு தேவை இருக்கிறது. அங்கே சொல்லப்பட்டது 'வேணும்' என்றா 'விசுவசிக்கிறேன்' என்றா என்பது சவேரியாருக்கு முக்கியம். பெரியம்மாவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இதைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. அதே சிறுவர்கள்தான் தங்கள் பெற்றோர் விக்கிரகத்தைக் கும்பிட்டால் ஓடிவந்து தகவல் சொன்னார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு போய் அந்த மண் உருவங்களை உடைத்து மிதிக்கச் செய்ததை சவேரியார் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். சாராயம் குடித்த பெண்களுக்கு அபராதமும் காவலும் விதிக்கச் சொன்னதும் அவருடைய கடிதங்களில் உண்டு. வீட்டுக்குள் நம்பிக்கையைக் கொண்டுபோன கால்களே வீட்டுக்குள் வேவும் பார்த்தன. கிறிஸ்துவின் பாடு பற்றிய வரியிலிருந்து பலவந்தம் என்ற சொல்லை எடுத்துவிட்டவர், தெருவிலிருந்து அதை எடுக்கவில்லை.

வெளியே இருந்த பலவந்தமோ இன்னும் பெரியது. போர்ச்சுக்கீசியத் தளபதிகள் முத்தையும் குதிரையையும் பார்த்தார்களே தவிர ஆட்டை மேய்க்கவில்லை. அவர்களுடைய கொடுமையைப் பற்றி சவேரியாரே கசந்து எழுதியிருக்கிறார். 1544இல் வடுகக் குதிரைப்படை கடற்கரையைச் சூறையாடியபோது மக்கள் கன்னியாகுமரிப் பக்கம் கடற்பாறைகளில் போய் ஒண்டினார்கள். தண்ணீரும் சோறும் இல்லாமல் தவித்தவர்களுக்குப் படகுகளில் உணவு ஏற்றிக்கொண்டு போக முயன்றவர் அவர்தான். அந்த வாரங்களில் அவர் எந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று தெரியாது. ஆனால் சவேரியார் என்ற பெயர் இந்தக் கரையில் மந்திரம்போல் நிலைத்ததற்கு மணியைவிட அந்தப் படகுகள் அதிகக் காரணம் என்று நினைக்கிறேன். 1549இல் வேதாளையில் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டதற்குப் பின்னணி, இராமேசுவரம் போகும் யாத்ரீகர்களிடம் போர்ச்சுக்கீசியர் வசூலித்த தீர்வை. வரி வாங்கியவர்கள் தப்பித்தார்கள். ஆயுதமில்லாத பாதிரியார் மாட்டிக்கொண்டார். அடுத்தவனுடைய பக்திக்குச் சுங்கம் போடும் கையும், தன் பக்தியை அடுத்தவனோடு பகிரும் கையும் ஒரே கொடியின் கீழ் இருந்ததால் வந்த விபரீதம் அது.

சவேரியார் இந்தக் கரையில் மொத்தமாக இருந்தது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அவருக்குப் பிறகும் பாதிரிமார் மிகச் சிலர். ஊர்களோ வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் அதற்கு அப்பாலும் நீண்டு கிடந்தன. ஒரு பாதிரியார் ஓர் ஊருக்குத் திரும்பி வர மாதங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களை நடத்தியவர் கணக்கப்பிள்ளை. சவேரியார் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரை நியமித்தார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றுவது, யார் யாருக்கு மணம் பேசியிருக்கிறது, அதில் தடை ஏதும் உண்டா என்று பார்த்துப் பாதிரியாருக்குச் சொல்வது, கோயிலைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் வேலை. இதற்குச் சம்பளம் கொடுக்க சவேரியார் கண்டுபிடித்த வழி சுவாரஸ்யமானது. கரையிலிருந்து வசூலான பணத்தில் ஆண்டுக்கு 4,000 பணம் போர்ச்சுக்கீசிய அரசியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை உபதேசியர்களுக்குத் தந்துவிடும்படி அரசியைக் கேட்டு வாங்கினார்.

அந்தப் பதவிக்கு வாய்த்த பெயரைக் கவனிக்க வேண்டும். போதகர், குரு, ஆசாரியர் என்ற பெயர்களெல்லாம் பாஷையில் தயாராக இருந்தன. கிடைத்ததோ கணக்கு எழுதுகிறவன் பெயர். துறைமுக ஊரில் எழுத்தறிந்த உள்ளூர் ஆள் என்றால் அவன் கணக்கனாகத்தான் இருப்பான். ஏட்டில் பங்கும் கடனும் குறித்தவன் கையில் ஜெபத்தின் படியும் வந்து சேர்ந்தது என்று கொள்வதே இயல்பு. ஊரில் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரிந்த மனிதன். அவன் சொன்னதை ஊர் ஏற்றது என்றால், அவன் நாளை காலையும் அங்கேதான் இருப்பான் என்பதும் ஒரு காரணம். பிரசங்கிக்குக் கிடைக்காத வசதி இது. பிரசங்கி சொல்லிவிட்டுப் போய்விடலாம். கணக்கப்பிள்ளை, சொன்னபடி தான் நடக்கிறானா என்று பார்க்கிற கண்களுக்கு நடுவில் வாழ வேண்டும். முத்துக்குளித்துறையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் கிறிஸ்தவத்தைத் தூக்கிச் சுமந்தவர்கள் இவர்கள். சரித்திரங்களில் இவர்கள் பெயர்கள் அநேகமாக இல்லை.

கிரிமினாலிக்குப் பிறகு கரையின் பொறுப்பை ஏற்ற அண்டிரிக்கி என்ற என்றிக் என்றிக்கஸ் இந்த உண்மையை உணர்ந்த முதல் பாதிரியார். போர்ச்சுகலில் விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். யூத வம்சம் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் தொடர முடியாமல் யேசு சபைக்கு வந்தவர். சொந்த நாட்டில் 'புதுக் கிறிஸ்தவர்' என்று ஓரத்தில் நிறுத்தப்பட்ட ஒருவர், இங்கே இன்னொரு புதுக் கிறிஸ்தவக் கூட்டத்தின் நடுவில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1600இல் புன்னைக்காயலில் இறந்தார் என்பதை வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவர் தமிழை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேசக் கற்றார், இலக்கணம் எழுதினார். 1550 வாக்கில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். மருத்துவமனையை நடத்த உள்ளூர்க்காரர்களே பணம் தந்தார்கள்.

அச்சு இந்தச் சூழலில் வருகிறது. அதற்கு முன்பே, 1554இல், லிஸ்பனில் ஒரு சிறு ஜெபநூல் அச்சாகியிருந்தது. தமிழை ரோமன் எழுத்தில் வைத்து, போர்ச்சுக்கீசியப் பொருளையும் சேர்த்துத் தந்த நூல். அதைச் செய்தவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர்: வின்சென்டே தெ நசரே, ஜார்ஜ் கார்வால்யோ, தோமா தெ குரூஸ். பெயரை இழந்தாலும் பாஷையை இழக்காதவர்கள். எழுத்து ரோமன் என்பதால் ஏட்டு வழக்கின் கட்டு அவர்களுக்கு இல்லை. வாயில் வந்த உச்சரிப்பு அப்படியே பதிவாகியிருக்கிறது. பிறகு 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் வந்தது. இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அது. 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 600 பக்கத்துக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு'. அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். ஐரோப்பிய நூலகங்களில் மறைந்து கிடந்த இந்த நூல்களைத் தமிழ் உலகத்துக்கு நினைவூட்டிய சேவியர் தனிநாயகம் அடிகளுக்கும், 1967இல் 'அடியார் வரலாறு' நூலைப் பதிப்பித்த ச. இராசமாணிக்கம் அடிகளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நம்முடைய உரைநடைச் சரித்திரங்கள் இந்த நூல்களை ஒரு வரியில் முடித்துக்கொண்டு வீரமாமுனிவருக்குத் தாவிவிடுகின்றன. அச்சின் வயதைக் குறிக்க மட்டும் இவை பயன்படுகின்றன. தமிழில் அதற்கு முன் உரைநடை இல்லாமல் இல்லை. களவியல் உரையிலிருந்து வைணவ வியாக்கியானங்கள் வரை ஒரு பெரிய மரபு உண்டு. ஆனால் அந்த உரைநடை மூலத்தை வைத்துக்கொண்டு, கற்றவனை நோக்கிப் பேசியது. அண்டிரிக்கியின் நூல்கள் எழுதப் படிக்கத் தெரியாதவனை நோக்கி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டவை. வலைக்குத் திரும்பிப் போக வேண்டிய மனிதன் உட்கார்ந்து கேட்கிறான். அவனுக்குப் புரியாத வாக்கியத்தை எழுதினால் அந்த வாக்கியம் அங்கேயே செத்துவிடும். எழுதுகிறவனுக்கு இதைவிடக் கண்டிப்பான விமர்சகன் கிடைக்க மாட்டான். வாக்கியங்கள் கரடுமுரடானவைதான், போர்ச்சுக்கீசியச் சொற்கள் துருத்திக்கொண்டுதான் இருக்கின்றன. இருந்தும் எதிரில் ஆள் இருக்கிறான் என்ற பிரக்ஞை அவற்றில் உண்டு.

சொற்களைத் தேர்ந்த விதத்திலும் இதைப் பார்க்கலாம். கடவுளுக்குத் தம்பிரான் என்று பெயர் வைத்தார்கள். சைவ மடத்திலும் அரசவையிலும் வழங்கிய சொல், கரையில் எல்லோருக்கும் தெரிந்த சொல். பின்னால் மதுரையில் நொபிலி சர்வேசுவரனைக் கொண்டுவந்தார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் பராபரனை எடுத்தார். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரிடம் பேசுகிறோம் என்ற முடிவு இருக்கிறது. தவறிப்போன சொற்களும் உண்டு. திருப்பலிக்குரிய போர்ச்சுக்கீசியச் சொல்லை அப்படியே விட்டுவிட்டதால் அது தமிழ்க் காதில் மீசை என்று விழுந்தது. அதைப் பூசை என்று மாற்றியவர் நொபிலி. உள்நாட்டான் சிரித்திருப்பான். கரையில் எவரும் சிரித்ததாகத் தெரியவில்லை. அங்கே அந்தச் சொல் அகராதியிலிருந்து வரவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வந்தது.

இவ்வளவும் சேர்ந்து என்ன செய்தது என்பதற்கு 1658 ஒரு சோதனையாக வந்தது. டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்கப் பாதிரிமார் விலக்கப்பட்டார்கள். கோயில்கள் பறிக்கப்பட்டன, சரக்கறைகளாயின. பிலிப்பு பால்தேயு என்ற புராட்டஸ்டண்ட் போதகர் பரதவரைச் சீர்திருத்த மதத்துக்கு அழைத்தார். சாதாரண ஆளல்ல, தமிழ் கற்க முயன்றவர், 1672இல் மலையாள, சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டவர். அவர் பின்னால் கம்பெனியின் பீரங்கியும் முத்துக்குளிப்பு அனுமதியும் இருந்தன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் பரதவர் கடல் பாதுகாப்புக்காக மதம் மாறினார்கள் என்றால், அதே தர்க்கத்தின்படி 1658இல் மறுபடி மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பாதிரியார் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்க் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். மற்ற நாட்களில் ஜெபமாலை வீட்டில் நடந்தது. டச்சு ஆட்சி இருந்தபோதே 1713இல் தூத்துக்குடியில் பனிமய மாதாவுக்குக் கோயில் கட்டி முடித்தார்கள்.

பேரத்தில் வாங்கியது நான்கு தலைமுறையில் எப்படிப் பேரத்துக்கு அடங்காததாயிற்று? ஸ்தாபனத்தின் சாதனை என்று சொல்ல முடியாது; ஸ்தாபனம் அப்போது கரையில் இல்லை. விளக்கு வைத்த நேரத்தில் முட்டி போட்டு முடிந்ததும் பிள்ளைகள் நெற்றியில் சிலுவை வரைகிற பாட்டியிடம் பால்தேயு என்ன பேசியிருக்க முடியும்? அவர் கோட்பாட்டுப் பிழைகளைத் திருத்த வந்தவர். அவள் கோட்பாட்டைக் கற்றிருக்கவில்லை, பழக்கத்தைக் கற்றிருந்தாள். சவேரியார் திருத்த நினைத்த 'வேணும்' இந்த நூற்றாண்டில் தன் பொருளை மாற்றிக்கொண்டுவிட்டது. பாதுகாப்பு வேணும் என்று தொடங்கியது, ஆபத்து வந்தாலும் இது வேணும் என்று ஆகியிருந்தது. விசுவாசம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை ஸ்தோத்திரமாகிவிடும். நான் முதலில் சொன்ன எல்லைக்கு வருகிறேன்.

முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனின் உயிர், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் இருக்கிறது. கயிற்றைப் பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் ஒரு வழக்கு சொல்வார்கள்; தங்கை தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் என்பது அதன் நியாயம். நம்பிக்கை என்பது இந்தச் சமூகத்தில் உறவின் வழியாக ஓடியது. வேதமும் அதே கயிற்றில் இறங்கியது. கயிறு எட்டிய இடமெல்லாம் போயிற்று. மன்னாரில் கடலோடிகள் தாமாகக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றதும், அதற்காக யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் 1544இல் 600 பேருக்குமேல் வெட்டிச் சாய்த்ததும், கடலுக்கு இரு கரையிலும் இருந்த இந்தத் தொடர்பைக் காட்டுகின்றன. கயிறு எட்டாத இடத்தில் அது நின்றது.

உள்நாட்டை எடுத்துக்கொள்வோம். மதுரையில் கொன்சாலோ பெர்னாந்தெஸ் என்ற பாதிரியார் பதினோரு ஆண்டு போல இருந்தார். வியாபாரத்துக்காக அங்கே வந்து போன பரதவரைக் கவனித்துக்கொண்டார். ஊராரில் ஒருவரும் அவரிடம் வரவில்லை. 1606இல் அங்கே வந்த நொபிலி காரணத்தைக் கண்டார். மதத்தில் சேர விரும்புகிறவனிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கம் இருந்தது. கேட்டவர்களுக்கு அதில் தவறு தெரியவில்லை. கரையில் கிறிஸ்தவம் ஒரு குலத்தின் அடையாளமாக ஆகிவிட்டிருந்தது. வெளியிலிருந்து வருகிறவனை வேறு எப்படி அழைப்பது என்பதற்குப் பாஷை இல்லை. நொபிலி அதற்கு எடுத்த மாற்றும், காவியும் தனிக் குடிலும் தனிச் சமையலும், இன்னொரு சாதிச் சுவருக்குள் போய் உட்காருவதுதான். யேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியரான பேத்ரோ லூயிஸ் இந்தக் கரையில் வேலை செய்தார். அவர் கொல்லத்துப் பிராமணர். அரை நூற்றாண்டு மணி அடித்த பிறகும் பரதவனைப் பாதிரியாக்கலாம் என்று அந்தச் சபைக்குத் தோன்றவில்லை. கணக்கப்பிள்ளை கணக்கப்பிள்ளையாகவே இருந்தார்.

பக்கத்துப் பனங்காட்டிலும் இதே சித்திரம், வேறு நிறத்தில். 1790களில் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் தம் உறவினர்களிடம் போய்ப் புராட்டஸ்டண்ட் வேதத்தைச் சொன்னார். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். துன்புறுத்தப்பட்டபோது 1799இல் முதலூரை ஏற்படுத்திக்கொண்டார்கள். சான்றோர் குலத்தின் எழுச்சி அங்கிருந்து தொடங்குகிறது. தேரியிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம். இரண்டு பக்கமும் கிறிஸ்து ஒருவர்தான். பனையேறி பரதவனுக்கும் பரதவன் பனையேறிக்கும் அவரைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று தேடினால் சண்டைகளைத்தான் அதிகம் பார்க்கிறோம். காயல்பட்டினத்து, கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் நூற்றாண்டுகளாக ஒரே பாரில் அடுத்தடுத்த வள்ளங்களிலிருந்து குதித்தார்கள். மூச்சை அடக்கும் வித்தையில் ஒருவரை ஒருவர் மெச்சியிருப்பார்கள். கடவுளைப் பற்றி 1530களின் நினைவு அவர்களைப் பேசவிடவில்லை.

ஆனால் கடலில் சில விநோதங்கள் நடந்தன. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கடல்கட்டி ஒருவர் உண்டு. அவர் மந்திரம் ஓதாமல் எந்த மதத்துக் குளியாளும் இறங்க மாட்டான். பரம்பரைப் பதவி. 1859இல் இலங்கையைப் பற்றி எழுதிய எமர்சன் டெனன்ட், அப்போதைய கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் அவர் சக்தியில் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை என்றும் வியப்போடு குறிக்கிறார். எனக்கு இது வேடிக்கையாகப் படவில்லை. ஓர் இந்து, ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவன் மூவரும் தண்ணீருக்குள் போகுமுன் ஒரே மனிதனிடம் 'காப்பு வேணும்' என்று நின்றார்கள். வாயால் சொல்லிக்கொள்ள முடியாததை அந்த ஒரு கணத்தில் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு பக்கத்துப் போதகர்களும் இதை மூடநம்பிக்கை என்றே சொல்வார்கள்.

1806இல் சாதித் தலைவர் கபிரியேல் தெ குரூஸ் கோமஸ் காலத்தில் பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் ஓடியது. அந்தத் தேரில் மேற்சொன்ன இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறேன். ஐரோப்பாவில் பிறந்த ஒரு பக்தி இவ்வளவு முழுதாகத் தமிழாகியிருக்கிறது என்பது ஒன்று. வடம் பிடிக்கும் உரிமை ஒரு குலத்தின் மானமாகியிருக்கிறது என்பது இன்னொன்று. தேர் ஊர்கோலத்தில் எல்லா மதத்தாரும் தெருவில் நிற்பார்கள். நிற்பது வேறு, இழுப்பது வேறு.

1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார்கள் வெறிச்சிட்டன, துறைமுகமும் உப்பளமும் ஆலைகளும் ஊரை மாற்றிவிட்டன. கரை வாழ்க்கையை வண்ணநிலவன் 1977இல் 'கடல்புரத்தில்' நாவலிலும் ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு' (2004), 'கொற்கை' (2009) நாவல்களிலும் எழுதினார்கள். அந்த நாவல்களில் மதத்தைப் பற்றி யாரும் யாருக்கும் உபதேசிப்பதைவிட, சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் நடுவில் அது வந்து போவதே அதிகம் என்பதைக் கவனித்தால் நான் சொல்ல வந்தது புரியும். நம்பிக்கை அங்கே ஒரு விஷயமாக இல்லை, பேச்சின் சுருதியாக இருக்கிறது.

பகிர்தல் என்ற சொல்லை இன்று மதத்தில் இருக்கிறவர்களும் இலக்கியத்தில் இருக்கிறவர்களும் ஏராளமாகப் பயன்படுத்துகிறோம். கையில் முழுதாக இருக்கிற ஒன்றை எதிரில் இருப்பவனுக்குக் கொடுப்பது என்று அதற்குப் பொருள் கொள்கிறோம். முத்துக்குளித்துறையின் நானூற்றெண்பது ஆண்டுகளிலிருந்து எனக்குத் தெரிகிறது வேறு. சவேரியாரிடம் தமிழ் முழுதாக இல்லை, பரதவரிடம் வேதம் முழுதாக இல்லை. நடுவில் நின்ற பெயரில்லாத ஆள் ஒரு தப்பான சொல்லைப் போட்டார். அந்தத் தப்பான சொல்லில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். சரியான சொல் பின்னால் வந்தது. வந்தபோது சந்திப்பு முடிந்திருந்தது, குலம் உருவாகியிருந்தது, வேலியும் போட்டாகியிருந்தது. வேலிக்கு இப்பால் இருப்பவனிடம் பேசுவதற்கு இன்னொரு தப்பான சொல்லைத் துணிந்து போடுகிறவர்கள் அதன்பிறகு அதிகம் வரவில்லை. கடற்கரையில் மட்டுமல்ல, நம் பத்திரிகைகளிலும்தான்.